சுருட்டுப் பெட்டியின் ஈரம்

"அப்பா, பத்து நிமிசத்துக்கு முந்தித்தானே பாத்தனீங்கள்!" ஆரணி அலுத்துக்கொண்டாள்.

நித்தியானந்தன் சுருட்டுப் பெட்டியை மறுபடி திறந்து, ஈரப்பதம் காட்டும் முள்ளைப் பார்த்தார். "அறுபதுக்கு இறங்கிட்டுது, பிள்ளை. ஹீட்டிங்கை ஆர் கூட்டினது?"

"நான்தான். வீடு குளிருது."

"ஈரம் குறைஞ்சால் சுருட்டெல்லாம் வெடிச்சுப் போயிடும்." பெட்டிக்குள் இருந்த பஞ்சை டிஸ்டில்ட் வோட்டரில் நனைத்து வைத்தார். ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார். திரும்பி வந்து முள்ளைப் பார்த்தார்.

"டொக்டர் சொன்னது மறந்து போச்சோ? இனிச் சுருட்டைத் தொடவே கூடாதாம். குப்பையில போடுங்கோ."

"ஏலாது."

இல்ஃபோர்ட் நகரில் இருந்த அந்த வீட்டு வாசலில் ஆஸ்பத்திரி வாகனம் வந்து நின்றது. நித்தியானந்தன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். ஏழு வாரங்களுக்குப் பிறகு, அவருடைய மனைவி சுசிலா சக்கர நாற்காலியில் வீட்டுக்குள் வந்தார்.

"இஞ்சருங்கோ, என்ரை சுருட்டெல்லாம் காஞ்சு போச்சோ?"

"ஒண்டும் காயேல்லை," என்றார், முப்பது வருடமாக அந்தப் புகைக்குப் பயந்து தோட்டத்துக்கு ஓடிய மனிதர்.

சுசிலா ஒரு சுருட்டை எடுத்து மணந்து பார்த்தார். பிறகு பெட்டியை மூடி மகளிடம் நீட்டினார். "கொண்டுபோய் எறி, பிள்ளை. டொக்டரிட்டை வாக்குக் குடுத்திட்டன்."

"இதைத்தானே நானும் சொன்னனான்! ஏனப்பா இவ்வளவு நாளும் காத்து வைச்சனீங்கள்?"

நித்தியானந்தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எறிஞ்சிருந்தால், இவ திரும்பி வரமாட்டாவெண்டு நம்பினமாதிரி ஆகியிருக்கும்."