இடது கை வாள்

அன்று பிள்ளைகள் பழகும் குடோனில் இருந்தவர்கள்: வாள்வீச்சு சொல்லிக் கொடுக்கும் ஜனார்த்தன் சார், ஸ்ரீவில்லிபுத்தூரில் மெடிக்கல் ஸ்டோர் வைத்திருக்கும் பத்ரிநாத், ராஜபாளையம் மில்லில் வேலை பார்க்கும் வெள்ளைத்தாய், மினிலாரி ஓட்டும் சங்கிலிப்பாண்டி, மதுரையிலிருந்து மெஷினோடு வந்த ராம்கி, கணக்கு எழுத நான். ஆறு பேர்.

பிள்ளைகளைப் பெற்றவர்கள் போட்ட பணம் அறுபதாயிரம். அதற்குள் மெஷினும் வாளும் வாங்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் பத்துப் பேரும் சாதா வாளில் பழகியவர்கள். குத்து பட்டதா இல்லையா என்று சார் கண்ணால் பார்த்துச் சொல்வார். மாநிலப் போட்டியில் அப்படிக் கிடையாது. வாள் நுனி அழுந்தினால் மெஷினில் லைட் எரியும். எரிந்தால்தான் புள்ளி. போன வருஷம் அங்கே போய், இரவல் வாளில் விளையாடித் தோற்று வந்தார்கள்.

"புது மெஷின் தொண்ணூறாயிரம்" என்றான் ராம்கி. "இது பழசு. வாளை இதுல இணைக்கிற வயர்ப் பெட்டி ரெண்டும் சேர்த்து நாப்பத்தாறாயிரம்."

"பழசுன்னா நடுவுல நின்னு போகாதா தம்பி?" என்றாள் வெள்ளைத்தாய்.

"நின்னா உடனே நான் வாரேன்க்கா."

"நீ மதுரையிலிருந்து வார வரைக்கும் பிள்ளைக வாளைத் தூக்கிக்கிட்டே நிக்கணுமாக்கும்" என்றார் சங்கிலிப்பாண்டி.

சார் வாள் நுனியைத் தரையில் நூறு தடவை அழுத்திப் பார்த்தார். நூறு தடவையும் லைட் எரிந்தது. நானும் எண்ணினேன். பழசே போதும் என்று முடிவாயிற்று.

மெஷினில் மாட்டுகிற வாள் ஒன்று ஏழாயிரம். இரண்டு வாங்கலாம். அதோடு அறுபதாயிரமும் சரி.

"ஒண்ணு வலது கை, ஒண்ணு இடது கை" என்றார் சார்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

அந்த வாளின் கைப்பிடியில் விரல்களுக்குப் பள்ளம் உண்டு. இடது கைக்குச் செய்ததை வலது கையால் பிடிக்க முடியாது. எங்கள் பத்துப் பிள்ளைகளும் வலது கை. குடோனுக்கு வருகிறவர்களில் இடது கை ஒருத்திதான். சார் மகள் ஸ்ரீப்ரியா. கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிறாள். சாயங்காலம் காலேஜ் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே இங்கேதான் வருவாள்.

"ரெண்டும் வலது கையா வாங்கினா பத்துப் பிள்ளைகளும் ஜோடி மாத்தி விளையாடலாம் சார்" என்றார் பத்ரிநாத். "நீங்க சொல்றபடி வாங்கினா, மெஷின்ல எந்த ஆட்டம் நடந்தாலும் ஒரு பக்கம் உங்க பொண்ணுதான் நிப்பா."

"ஆமா."

"அப்ப மத்த பிள்ளைங்க?"

"ஒவ்வொருத்தரா அவகூட விளையாடட்டும்."

வெள்ளைத்தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "எம்மக மாரிச்செல்வி ஸ்போர்ட்ஸ் கோட்டாவை நம்பி இருக்கா சார். ஓவர்டைம் பார்த்து அஞ்சாயிரம் போட்டிருக்கேன். அவளுக்குப் பத்துல ஒரு ஆட்டம், உங்க மகளுக்குப் பத்தும்! இது எந்த ஊர் நியாயம்?"

"உங்க பொண்ணுக்குத்தான் அந்த வாள்னு நேராவே சொல்லிடுங்களேன்" என்றார் பத்ரிநாத்.

"அவ கைக்குத்தான்" என்றார் சார். "இஷ்டமில்லேன்னா வேற கோச் பார்த்துக்கிடுங்க."

சம்பளம் வாங்காமல் சொல்லிக் கொடுக்க வேறு யார் வருவார்கள்? அவர் சொன்னபடியே வாங்கினோம்.

மறுநாளிலிருந்து தினமும் பத்து ஆட்டம். பத்திலும் ஒரு பக்கம் ஸ்ரீப்ரியா. முதல் வாரம் அறுபது ஆட்டத்தில் அறுபதும் அவளே ஜெயித்தாள்.

"அப்பன் வாளு வாங்கிக் கொடுத்தாச்சு, மக குத்திப் பழகுதா. நம்ம பிள்ளைகதான் பொம்மை" என்றார் சங்கிலிப்பாண்டி. நானும் தலையாட்டினேன்.

ஆறாவது வாரம் அறுபதில் இருபத்து மூன்றில் எங்கள் பிள்ளைகள் ஜெயித்தார்கள். அப்போதும் யாருக்கும் மனம் ஆறவில்லை.

மாநில ஜூனியர் போட்டிக்கு ஃபாரம் நிரப்பும் நாள் வந்தது. சார் பிறப்புச் சான்றிதழ்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எண்ணினேன். பத்துதான் இருந்தன.

"உங்க பொண்ணோடது எங்க சார்?" என்று கேட்டார் பத்ரிநாத்.

"அவ விளையாட முடியாது. இருபது வயசுக்குள்ள இருக்கணும். அவளுக்குச் சித்திரையிலேயே இருபது முடிஞ்சிருச்சு."

"பொறவு எதுக்கு சார் அவளுக்கு அம்புட்டு விலையில வாளு?" என்றாள் வெள்ளைத்தாய்.

"போன வருசம் நம்ம பிள்ளைக எட்டுப் பேர் முதல் சுத்துலயே தோத்தாங்க. அதுல ஆறு பேர் தோத்தது இடது கைக்காரங்ககிட்ட. குத்து எந்தப் பக்கம் வருதுன்னே பிள்ளைகளுக்குப் பிடிபடலை. எதிர்ல நிறுத்திப் பழக்கறதுக்கு நம்மகிட்ட இருக்கிற இடது கை அவ ஒருத்திதான்."

ஸ்ரீப்ரியா ஓரமாக உட்கார்ந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கன்றிப்போயிருந்தது.



"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார் பத்ரிநாத்.

"போட்டிக்கே போகாதவளுக்கு ஏழாயிரத்துல வாளான்னு கேட்டிருப்பீங்க. வாங்க விட்டிருக்க மாட்டீங்க."

வெள்ளைத்தாய் எழுந்து போய் ஸ்ரீப்ரியாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

நான் தலை நிமிராமல் ஃபாரங்களை நிரப்பினேன். பத்து. சார் மகளுக்கும் சேர்த்து நான் வாங்கி வந்திருந்தது பதினொன்று.

மிச்சம் ஒன்று.