மயிலுக்கு அடியில் ஒரு வரி

கணினியின் டெக்ஸ்ட் எடிட்டரில், மயில் படம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் முகவரி வரி ஒன்று குடியிருந்தது. கோப்பைத் திறந்ததும் ஸ்கிரிப்ட் என்னும் குட்டி நிரல் அந்த வரியைப் படித்து, படத்தைத் தேடிக் கொண்டுவந்து, வரியே தெரியாதபடி அதன் தலைமேலேயே உட்காரவைக்கும். ஆண்மயில்தான், பெண்மயிலை யார் படமெடுக்கிறார்கள்?

“என் தோகை நிழலில் கிடக்கிறாயே, கொடுத்துவைத்த ஜென்மம்!” என்றது மயில்.

வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் கண்சிமிட்டிக்கொண்டிருந்த கர்சரைக் கூப்பிட்டது. “கர்சரண்ணே, என்னில் ஓர் எழுத்தை அழித்துவிடுங்கள். முகவரி தப்பினால் இவன் வரமாட்டான். நாலு பேர் என்னைப் பார்ப்பார்கள்.”

“உனக்கல்லவா வலிக்கும்?”

“வலிக்கட்டும்.”

கர்சர் அழித்தது.

மறுநாள் ஸ்கிரிப்ட் எங்கெங்கோ தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பியது. வரி நிமிர்ந்து உட்கார்ந்தது. ஸ்கிரிப்ட் ‘படம் இல்லை’ என்று ஒரு வெற்றுக் கட்டம் வரைந்து, வழக்கம்போல் வரியின் தலைமேல் வைத்தது.

இப்போது திட்டுவதற்கு மயிலும் இல்லை.