அறுபத்து மூன்று சதவீதம்

கணினித் திரையில் நகல் ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு மூன்றாவது முறையாக அறுபத்து மூன்று சதவீதத்தில் நின்றது.

நெரிடா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அசையவில்லை.

ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகல் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் காடு எரிந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்குள் எல்லோரும் கிளம்பிவிட வேண்டும் என்று வானொலி சொல்லிவிட்டது. இப்போது இரண்டரை.

கார் சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றது. நாய் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டது. கணவன் கிளைவ் ஏணிமேல் நின்று, கூரையோரத் தகரக் கால்வாயின் வடிகுழாய்களை டென்னிஸ் பந்துகளால் அடைத்துவிட்டு, ஹோஸால் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தான். பறந்து வரும் தணல் அதில் விழுந்து அணையட்டும் என்று.

"இன்சூரன்ஸ் பேப்பருக்காகவா இப்படி உயிர விடுற? அந்தப் பொட்டிய அப்படியே தூக்கிக் கார்ல போடு தாயே."

தூக்கிப் போட முடியாது. பழுது பார்ப்பவர் போன வாரமே எச்சரித்திருந்தார். ஹார்டு டிஸ்க் சாகப் போகிறது, ஒருமுறை அணைத்தால் மறுபடி எழுமா என்பது சந்தேகம், அதற்குள் எல்லாவற்றையும் வேறொன்றில் நகல் எடுத்துவிடுங்கள்.

இன்சூரன்ஸ் காகிதம் என்பது கிளைவுக்காகச் சொன்ன பொய்.

உள்ளே இருந்தது பிரையனி.

மகள் போய் மூன்று வருடம். அடக்கம் முடிந்த மறுநாளே கிளைவ் சுவரிலிருந்த அவள் படங்களைக் கழற்றினான். அதற்குப் பிறகு அவள் பெயர் அவன் வாயில் வந்ததே இல்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ரம்பத்துக்குச் சாணை பிடிக்கணும் என்று பின்பக்கக் கொட்டகைக்குப் போய்விடுவான்.

எட்டாவது பிறந்தநாள் வீடியோ. நாற்பது விநாடி. மூக்கில் கிரீமோடு, "அப்பா, எடுக்காதப்பா" என்று சிரிப்பாள். அவள் குரல் மிஞ்சியிருப்பது அது ஒன்றில்தான்.

மூன்று முறையும் கோடு நின்றது அந்த வீடியோவில்தான். அதை மட்டும் தனியாக இழுத்துப் போட்டும் பார்த்தாள். போகவில்லை.

டிஸ்க்கில் அந்த இடமே செத்துவிட்டது என்று நினைத்தாள். தீ இந்த வீட்டை எடுத்துக்கொள்ளட்டும். இதையும் எடுத்துக்கொண்டால்?

கதவிடுக்கு வழியாகப் புகை நுழைந்தது. கீழ்ச்சாலையில் சைரன் கேட்டது. இரண்டு நாற்பது.

கோட்டுக்கு அடியில் பொடி எழுத்தில் 'விவரம்' என்று இருந்தது. பதற்றத்தில் இதுவரை கண்ணில் படவில்லை. அழுத்தினாள்.

'இந்த வீடியோ வேறொரு கணினியில் திறந்திருப்பதால் நகல் எடுக்க முடியவில்லை: கொட்டகை.'

இரண்டு முறை படித்தாள். இந்தக் கணினியோடு இணைத்து வைத்திருக்கும் கொட்டகையின் பழைய கணினியைத் தொடுவது ஒரே ஒருவன்தான்.

எழுந்து ஜன்னலைத் திறந்தாள். சாம்பல் முகத்தில் அடித்தது.

"கிளைவ், கொட்டகையில நேத்து ராத்திரி ஒண்ணத் தொறந்து வச்சுட்டு வந்திருக்க. போய் அத மூடு. மூடினாத்தான் அவளயும் கூட்டிட்டுப் போக முடியும்."

ஹோஸைப் பிடித்த கை அப்படியே நின்றது. கால்வாய் நிரம்பி, தண்ணீர் அவன் பூட்ஸ்மேல் வழிந்தது.

அவன் இறங்கினான். அவள் முகத்தைப் பார்க்காமல் கொட்டகையை நோக்கி நடந்தான், பிறகு ஓடினான்.

நெரிடா திரையின் முன் வந்து நின்றாள்.

அறுபத்து நான்கு.