வாசலை மறித்த சிவப்புக் கார்

“ஓட்டத் தெரியாதவளுக்குக் கார் எதுக்குடி? அதுவும் உன் கராஜை விட்டுட்டு என் வாசல்ல கொண்டுவந்து நிறுத்துவியா? மலையேறி வந்து வந்து என் புருஷன் சுருண்டு விழுந்தா, நீயா வந்து தூக்குவே?”

அக்டோபரிலிருந்து எங்கள் புனித ரோக்கு தெருவில் சாயங்காலம் ஆறு மணி என்றால் இதுதான். மார்தெஸ் பால்கனியில் நின்று கத்துவாள். எதிர்வீட்டுக் கொன்சீலியா ஜன்னலைச் சாத்திக்கொள்வாள்.

கார் கொன்சீலியாவின் புருஷன் நாசுவுடையது. சர்க்கரை வியாதியில் முதலில் ஒரு கால் போனது. இரண்டு வருஷத்துக்கு முன் ஆளும் போய்விட்டார். அதற்கப்புறம் கராஜிலேயே தூங்கிக்கொண்டிருந்த காரை, போன அக்டோபரில் மைத்துனனைக் கூப்பிட்டு வெளியே எடுத்து, அளந்து வைத்தது போல மார்தெஸ் வாசலில் நிறுத்திவிட்டாள். பொது ரோடு. யார் என்ன கேட்க முடியும்?

தெருவில் நாற்பது வீடு. கார் நிறுத்தப் பதினோரு இடம். மால்ட்டா முழுக்க அப்படித்தான். காலைவிடக் காரை நம்புகிற ஜனங்கள். மார்தெஸின் புருஷன் விஸ்டின், மார்சா துறைமுக ஆபீஸில் குமாஸ்தா, முக்கு பேக்கரிக்கே காரில் போகிற ஆள். இப்போது அவன் காரைக் கீழே கால்பந்து மைதானத்தில் விட்டுவிட்டு, இருபது நிமிஷம் மேடேறி வர வேண்டியிருந்தது. காலையில் அதே தூரம் இறக்கம்.

“கழுதை மாதிரி ஏறி வர்றேன்,” என்று தெருமுனையில் நின்று மூச்சு வாங்குவான்.

சாயங்காலம் அடுத்த ஊருக்குக் காரில் போய், பாலாடைக்கட்டி அடைத்த பாஸ்டிட்ஸி நாலு, சுடச்சுடத் தின்றுவிட்டு வருவது அவன் வழக்கம். அதுவும் நின்றுபோயிற்று.

“நாலு பாஸ்டிட்ஸிக்காக மறுபடி மைதானம் வரைக்கும் எவன் இறங்கறது?”

தெருவே உச்சுக்கொட்டியது. கொன்சீலியாவிடம் யாரும் பேசுவதில்லை. ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லும்போது அவள் நீட்டுகிற கை அந்தரத்தில் நிற்கும். நானும்தான் பிடிக்கவில்லை.

நேற்று மார்தெஸ் எல்லை மீறிவிட்டாள்.

“உன் புருஷனைத் தீனி போட்டே கொன்னே! இப்ப என் புருஷனையும் கொல்லப் பாக்கறியா?”

ஜன்னல் சாத்துகிற சத்தம்கூட வரவில்லை.

எனக்கே பொறுக்கவில்லை. அடாவடிக்காரிதான், இருந்தாலும் புருஷனைப் பறிகொடுத்தவள். அரை மணி பொறுத்துப் பின்சந்து வழியாகப் போய் அவள் அடுப்படிக் கதவைத் தள்ளினேன்.

கொன்சீலியா மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தவள், மார்தெஸ்!

“மன்னிச்சிருடி. அவன் முக்கு திரும்பிட்டான். என்ன கத்தறதுன்னு தெரியாம வாயில வந்துருச்சு.”

“விடு. ஏழு மாசமா ஒரே வசனம். நீயும் புதுசா ஏதாச்சும் சொல்ல வேணாமா?” கொன்சீலியா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “நாசுவையும்தான் நட, நடன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். நான் ஒரு நாள்கூட அவனைத் துரத்தலியே. உன் ஆளாவது தப்பிக்கட்டும்.”

“மாதாவே! இங்க என்னடி நடக்குது?” என்றேன்.

மார்தெஸ் மூக்கைச் சிந்தினாள்.

“செப்டம்பர்ல அவனுக்கு ரத்தம் பாத்தாங்க. சர்க்கரை வியாதி இன்னும் வரல, ஆனா ரொம்பக் கிட்டத்துல இருக்குன்னாங்க. தினம் நடக்கணும், மாவும் வெண்ணெயும் இனிப்பும் குறைக்கணும். சரி, நடந்துட்டு வாடான்னு அனுப்புனா, கடற்கரைக்குக் கார்ல போய், பெஞ்சுல உக்காந்து ஐஸ்கிரீம் தின்னுட்டு வர்றான்! அதான் இவகிட்ட வந்து, என் வாசல்ல இடமே இல்லாம பண்ணுன்னு அழுதேன்.”

“அப்ப தினம் அந்தத் திட்டு?”

“நான் திட்டலேன்னா அவனுக்குச் சந்தேகம் வராதா? அவனே திட்ட ஆரம்பிச்சா நெசமாவே சண்டையாயிரும். அதான் அவனுக்கும் சேத்து நானே.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!”

“உன்கிட்டயா?” இரண்டு பேரும் ஒரே குரலில். “அன்னிக்குச் சாயங்காலமே ஊரே கூடற பேண்டு கிளப்புல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்!”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மேஜைமேல் கிடந்த காகிதத்தை மார்தெஸ் என் பக்கம் நகர்த்தினாள். விஸ்டினின் புது ரிசல்ட்.

“இறங்கியிருக்கு. நல்லாவே இறங்கியிருக்கு. ஆனா இதோட விட்டுரக் கூடாது, விட்டா திரும்ப ஏறும்னார் டாக்டர்.” அவள் கொன்சீலியாவைப் பார்க்காமல் சொன்னாள். “உன்னை இன்னும் எத்தனை நாளைக்குடி நான் திட்டறது? ஊரே உன்னைக் கரிச்சுக் கொட்டுது. போதும், காரை உள்ள எடுத்துரு.”

“எடுக்கறதாவது? போன வாரம்தான் காருக்கு இன்னொரு வருஷத்து லைசென்ஸ் பணம் கட்டிட்டு வந்தேன்,” என்றாள் ஸ்டீயரிங்கைத் தொட்டே அறியாத அந்த மகராசி, தேநீருக்குத் தண்ணீர் வைத்தபடி.

அப்போது வாசல் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. மார்தெஸ் சட்டென்று குனிந்துகொண்டாள். மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

வெளியே விஸ்டின் குரல், கெஞ்சலாக:

“கொன்சீலியா, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், அந்தக் காரை ஒரு பத்தடி தள்ளி நிறுத்தேன்!”