ஒட்டுத் தோல்

பத்தொன்பதாம் நாள் காலை, லூர்துராணியின் இடது காலிலிருந்து என் தோல் கழன்று கட்டுத்துணியோடு வந்தது.

என் தொடையிலிருந்து டாக்டரம்மா மெல்லிசாகச் சீவி எடுத்து, அவள் காலில் போர்த்திய தோல். சிம்னி விளக்கு சரிந்து பாவாடை பற்றிக்கொண்டதில் பிள்ளைக்கு இரண்டு காலும் வெந்துபோயிருந்தன. ஏழு வயசு. அவள் உடம்பிலிருந்து எடுக்கத் தெம்பு போதாது என்று சொல்லிவிட்டார்கள்.

அது கறுத்துச் சுருண்டு தட்டில் கிடந்தது. நர்ஸ் அவசரமாகத் துணி போட்டு மூடினாள். நான் பார்த்துவிட்டேன்.

ரோசரி அண்ணியும் பார்த்துவிட்டார். என் வீட்டுக்காரரின் அக்கா. உறையூரிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார், பிள்ளையைப் பார்க்கப் பாதி, என்னைக் கண்காணிக்கப் பாதி. அது 1961, ஈஸ்டருக்கு முந்தின தவசுகாலம். அண்ணி ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தார். வயிற்றுக்குத்தான் ஒருசந்தி, வாய்க்கு இல்லை.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல டாக்டரம்மா? சொந்த ரத்தமா இருந்தா ஒட்டியிருக்கும். இவ சித்திதானே, இவ தோலு எப்படிங்க ஒட்டும்?"

வார்டு முழுக்கக் கேட்டது.

நான் வாய் செத்தவள் இல்லை. எங்கள் தெருக் குழாயடியில் விசாரித்தால் சொல்வார்கள். ஆனால் அன்றைக்கு முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதேன். மூன்று வருஷம் குளிப்பாட்டி, தலை பின்னி, சோறு ஊட்டியதற்கு, "நீ எனக்கு யாரோதான்" என்று அந்தப் பிள்ளையின் உடம்பே சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. அண்ணி சொன்னதை நானும் நம்பினேன். அதுதான் கொடுமை.

டாக்டரம்மா குனிந்து புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு.

"சகாயம், எதுக்கு அழுவுறீங்க? இவ ரத்தத்துல வெள்ளை அணுன்னு ஒண்ணு இருக்கு. வேத்து உடம்புத் தோலைக் கண்டா, கூட்டமா அதுக்குள்ள பூந்து தள்ளிவிட்டுடும். இங்க வந்து சேர்ந்த அன்னைக்கு அதுக்குக்கூட இவளுக்குத் தெம்பு இல்ல. இப்ப வந்திருக்கு. பொழைச்சுக்கிட்டா."

எட்டிப் பார்த்தேன். புண்ணின் ஓரமெல்லாம் ரோஜா நிறத்தில் புதுத்தோல் ஏறியிருந்தது. அவளுடைய சொந்தத் தோல். என்னுடையது இத்தனை நாள் மூடிக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். லூர்துராணி கண் விழித்து, பன் வேண்டும் என்றாள்.

அண்ணி விடுவதாக இல்லை. "அது என்னவோங்க. சொந்த ரத்தத்தைத் தள்ளாது" என்று முணுமுணுத்தார்.

சன்னல் பக்கம் நின்றிருந்த என் வீட்டுக்காரர் அப்போதுதான் கிட்டே வந்தார். சுருட்டுக் கம்பெனியில் நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசாத மனுஷன். அக்காவின் முன்னால் நின்று, வேட்டியை ஒரு பக்கமாகத் தொடை வரைக்கும் தூக்கினார்.

தொடையில் கட்டு. என்னிடம்கூடச் சொல்லாத கட்டு.

"வலது கால்ல வெச்சது என் தோலுதான் அக்கா. அது முந்தாநாளே விழுந்துடுச்சு."

பிள்ளையின் இரண்டு காலிலும் இருப்பது என்னுடையது என்றே நான் நினைத்திருந்தேன். முந்தாநாள் அவள் வலது கால் கட்டைப் பிரித்த நேரத்தில், என் தொடைக்கு மருந்து வைக்க என்னைக் கூட்டிப் போயிருந்தார்கள்.

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பெற்ற தகப்பன் தோல் பதினேழு நாள். என்னுடையது பத்தொன்பது.

அதில் அர்த்தம் ஒன்றும் இல்லை, ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி ஆகும் என்று டாக்டரம்மா எனக்குப் பொறுமையாக விளக்கினார். படித்தவர், சரியாகத்தான் இருக்கும்.

ஆனாலும் அந்த இரண்டு நாளை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.