வளர்கிற பிள்ளைக்கு வாங்கிய குழல்

கடையில் வசுமதி எடுத்து ஊதிய சின்னக் குழல் முதல் மூச்சிலேயே கீச்சென்று பேசிவிட்டது. ஏழு வயசுக்காரி திகைத்துப்போய்ச் சிரித்தாள். "பாப்பா விரலுக்கு இதுதாங்க எட்டும்" என்றார் கடைக்காரர். அப்பா தணிகாசலம் அதை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு நீளமான ஒன்றை எடுத்தார். "வளர்ற புள்ளைங்க. அது அடுத்த வருசமே பத்தாமப் போயிடும்." பள்ளிக்கூடப் பாவாடையை இரண்டு மடிப்பு உள்ளே வைத்துத் தைத்து, வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடும் வீடு அது. குழலில் மடிப்பு வைக்க இடமில்லை.

வீட்டில் அவள் ஒரு துளையை மூடினால் இன்னொன்று திறந்துகொண்டது. வெறும் காற்றுதான் வந்தது. "விரல் எட்டலப்பா." "எட்டும்மா, கொஞ்சம் பொறு." அவளும் பொறுத்தாள். பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். அவர்தான் விடவில்லை. மூங்கில் வெடித்துவிடக் கூடாதென்று ஞாயிறுதோறும் நல்லெண்ணெய் தடவி, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் போட்டு வைத்தார்.

தலைதீபாவளிக்கு வந்த மகளிடம் அந்தப் பையை நீட்டினார். வசுமதி குழலை எடுத்து விரல்களை வைத்துப் பார்த்தாள். எல்லாத் துளைகளும் ஒருசேர மூடிக்கொண்டன.

"இப்ப சரியா இருக்குப்பா" என்றாள்.

உதட்டுக்குக் கொண்டுபோவாள் என்று தணிகாசலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் குழலைப் பைக்குள் வைத்துவிட்டு, விரல்களில் ஒட்டியிருந்த எண்ணெயை அவர் தோளில் கிடந்த துண்டின் நுனியில் துடைத்துக்கொண்டாள்.