முப்பதுக்குக் கீழே

“எப்ப மாத்தலாம் பாப்பா, நீயே சொல்லு.”

பொங்கல் முடிந்த வாரத்தில் அண்ணன் தீனா கேட்டது, கம்ப்யூட்டரில் இருந்த கிராபிக்ஸ் கார்டைப் பற்றி.

பிளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வீட்டோடு இருக்கும் திலகவதியிடம் யோசனை கேட்கிற ஒரே ஆள் அவன்தான். அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

“முப்பதுக்குக் கீழ எறங்குனா மாத்திடலாம்ண்ணா. அதுவரைக்கும் வேணாம்.”

கேம் ஓடும்போது திரையின் இடது மூலையில் பச்சையாக ஓர் எண் தெரியும். ஒரு நொடிக்குள் கார்டு எத்தனை படம் வரைந்து தள்ளுகிறது என்பதைச் சொல்லும் எண். அறுபது இருந்தால் எல்லாம் தண்ணீர் மாதிரி ஓடும். முப்பதுக்குக் கீழே போனால் வெட்டி வெட்டி இழுக்கும்.

பகலில் அதே கம்ப்யூட்டரில்தான் அவன் பட்டுச் சேலைகளுக்கு பார்டர் டிசைன் போடுவான். ஒரு கட்டத்துக்கு ஓர் இழை. ஆயிரக்கணக்கான கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். வீடு நடப்பது அந்த வேலையில்தான்.

சாயங்காலமானால் சேத்துப்பட்டு ஆகாஷோடும் இன்னும் மூன்று பேரோடும் கூட்டணி சேர்ந்து ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை.

அவன் சுட, பக்கத்தில் உட்கார்ந்து அவள் எண்ணைப் படிப்பாள். அந்த மூலையைப் பார்க்க அவனுக்கு நேரமில்லை.

“எவ்ளோ கீது?”

“அறுவது.”

“அப்புறம் ஏன் எனக்கு மட்டும் இருட்டடிச்சிகினு கீது?”

கேமில் ராத்திரி வந்துவிட்டால் தீனா செத்துப்போவான். சந்துக்குள் எதிரி நிற்பதே அவனுக்குத் தெரியாது. நிழலைக் கார்டு ஒழுங்காக வரையவில்லை என்பான்.

அவளுக்கு எதிரி தெரிவான். எதிரியின் சட்டை நிறம்கூடத் தெரியும்.

அவள் வாய் திறக்க மாட்டாள்.

பார்டரின் ஓரத்தில் கட்டங்கள் காலியாக இருக்கின்றன என்று பட்டுக்கடைக்காரர்கள் டிசைனைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கும் கார்டுதான் காரணம் என்றான். அவன் குளிக்கப் போன நேரத்தில் அவளே உட்கார்ந்து நிரப்பிவைத்தாள்.

ஒருநாள் ஸ்பீக்கரில் ஆகாஷ் கத்தினான். “ணோவ், பக்கத்துலயே நின்னுகினு கீறான், உனக்குக் கண்ணு இன்னா பொடனியிலயா கீது? அந்தக் கார்ட மொதல்ல காயலாங்கடையில போடுணா!”

எல்லோரும் சிரித்தார்கள். தீனாவும் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, கீபோர்டில் நெற்றியை வைத்துப் படுத்துக்கொண்டான்.

“எவ்ளோ பாப்பா?”

“இருபத்தெட்டு.”

சட்டென்று நிமிர்ந்தான். பரீட்சையில் பாஸாகிவிட்டதைக் கேள்விப்பட்டவன் மாதிரி அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினான்.

“நான் சொல்லல? கார்டுதான்!”

அன்றைக்கே ஆர்டர் போட்டான்.

புது கார்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாட்டியாயிற்று. அவள் டார்ச் அடித்துப் பிடித்திருக்க, அவன் விரலால் தடவித் தடவி அதைப் பொருத்தினான். சுவரோரம் அப்பா வேணுகோபால் ராட்டையில் தறிக்கு ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

கேமில் முதல் ஆட்டமே ராத்திரியில்தான் ஆரம்பித்தது.

தீனா மூச்சைப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தான். எதிரி இடப்பக்கச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். இன்னும் துப்பாக்கியைக்கூடத் தூக்கவில்லை. தீனா அவனைத் தாண்டிப் போனான். பின்னாலிருந்து குண்டு பாய்ந்தது.

இரண்டாவது ஆட்டத்திலும் அதே சந்து, அதே மாதிரி.

மூன்றாவது ஆட்டத்தில் திரையின் வெளிச்சத்தைக் கடைசிவரை ஏற்றி வைத்துக்கொண்டு போனான். அப்படியும் செத்தான்.

“எவ்ளோ கீது?” குரல் மெலிந்திருந்தது.

“நூத்தி நாப்பது.”

இந்த முறை அவள் உண்மையைச் சொன்னாள்.

பழைய கார்டு, கழற்றிய அன்று வரைக்கும் அறுபதைத்தான் காட்டியது. இருபத்தெட்டு அவளே சொன்ன எண். அவன் நெற்றியை வைத்துப் படுத்திருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. கார்டாகவே இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

ராட்டைச் சத்தம் நின்றது.

“இன்னாடா, மாத்தியும் இருட்டாத்தான் கீதா?” என்றார் அப்பா.

தீனா மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

“நானும் மொதல்ல பல்பத்தான் மாத்துனேன். தறிக்கு மேல நாப்பது வாட்டு போட்டேன், அறுவது போட்டேன், நூறு போட்டேன். ஜரிகை தெரியல. கரண்டுகாரன வேற திட்டிகினு கெடந்தேன். அப்ப எனக்கும் ஒன் வயசுதான்டா.”

ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். தீனா உட்கார்ந்திருந்தது அதற்கு எதிர்ப்பக்கம். பகலும் ராத்திரியும் அவருக்கு ஒன்றாகிப்போய்ப் பதிமூன்று வருஷம் ஆகிறது.

ஸ்பீக்கரில் ஆகாஷ் அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

தீனா எழுந்தான். திலகவதி அவன் கையைப் பிடித்தாள். அவன் மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

வாசற்படியில் நின்று, செருப்பைக் காலாலேயே தேடி மாட்டிக்கொண்டான். வெளியே போனான்.